அஞ்சல் சேர்ந்த பிறகு – 12: நியூவார்க் பையனின் தரவுத்தளம்

போன வாரம் ஒரு கட்டோடு நிறுத்தினோம். 2012 பிப்ரவரியில், வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த கட்டு. உள்ளே ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய ஒரு புரோகிராம், அதற்கான கையேடு, 1982-ல் வாங்கிய பதிப்புரிமைச் சான்றிதழ் என்று பழைய சரக்குகள். கொடுத்தவரும் வாங்கியவர்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அருங்காட்சியகம் அவசர அவசரமாக ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் செய்திக்குத் திருத்தம் போட்டது. கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் கொதித்துப்போனார்கள்.

கட்டைக் கொடுத்தவர் ஒரு தமிழர். பெயர் வி.ஏ.சிவா அய்யாதுரை. "மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவன் நான்தான்" என்பது அவருடைய வாதம்.

சரியா, தவறா? அதற்குத்தான் இந்த வாரம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. கடிதம் எப்படிப் போனது என்பதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு அது எங்கே தங்கியது, யார் எடுத்துவைத்தார்கள், கேட்டபோது எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தத் தொடரின் கதை. பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் தொடங்கினோம். அங்கே காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா, 500 மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவர் என்று பெயரெடுத்து 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். மலையிறங்கித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நுழைந்தோம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களில், சுருணை சுருணையாகக் கட்டிவைத்த ஓலைகளைப் பார்த்தோம். முதலில் நினைவு, அடுத்து ஓலை. மூன்றாவது இடம் இப்போது வருகிறது: கணினியின் காந்தத் தட்டு.

1978: இரும்புத் தட்டும் கார்பன் தாளும்

சிவா அய்யாதுரை 1963-ல் பம்பாயில் பிறந்தவர். தாத்தா பாட்டி ஊர், ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் முகவூர். பாட்டி சித்த வைத்தியம் பார்த்தவர். கல்லாற்று அம்மாவைப் போலவே, படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பார்த்துப் பழகி மனதில் ஏற்றிக்கொண்டது. பையனுக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் அமெரிக்காவில் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது.

1978 கோடை விடுமுறை. பள்ளி மாணவர்களுக்காக நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூராண்ட் கணித நிலையம் நடத்திய வகுப்பில் பையன் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். அடுத்து, நியூவார்க்கில் இருந்த மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரி. அங்கே கணினிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த லெஸ்லி மைக்கேல்சன் பையனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். அப்போது பையனுக்கு வயது பதினான்கு.

அந்தக் கல்லூரி ஆபீஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு செக்ரெட்டரி மேசையிலும் ஒரு டைப்ரைட்டர். பக்கத்தில் இரண்டு தட்டுகள், வந்த தாளுக்கு ஒன்று, போகிற தாளுக்கு ஒன்று. ஒரு மெமோ அடிக்கும்போதே நடுவில் கார்பன் தாள் வைத்து அடிப்பார்கள். மேல் தாள் பெறுகிறவருக்கு, கார்பன் படி இன்னொரு டாக்டருக்கு, மற்றொரு படி இரும்பு அலமாரிக்கு. கட்டடம் கட்டடமாக ஆள் போய்த் தாள் சேரும். இந்த ஏற்பாட்டை அப்படியே கணினிக்குள் கொண்டுவர முடியுமா? இதுதான் மைக்கேல்சன் பையன் முன்னால் வைத்த கேள்வி.

பையன் உட்கார்ந்து எழுதினான். எச்பி 1000 என்ற மினி கணினி, ஃபோர்ட்ரான் 4. அவர் சொல்லும் கணக்குப்படி ஏறக்குறைய 50,000 வரிகள். புரோகிராமுக்கு வைத்த பெயர் 'ஈமெயில்'. மெமோவின் தலைப்பில் இருந்த 'பெறுநர்', 'அனுப்புநர்', 'பொருள்', 'நகல்' எல்லாம் திரைக்கு வந்தன. இரண்டு தட்டுகளும் இன்பாக்ஸ், அவுட்பாக்ஸ் ஆயின. முகவரிப் புத்தகம், இணைப்பு, பிறருக்குத் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1981-ல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான வெஸ்டிங்ஹவுஸ் அறிவியல் போட்டியில் இந்த வேலைக்குப் பாராட்டுக் கிடைத்தது. 1982 ஆகஸ்டில் பதிப்புரிமையும் பதிவாயிற்று.

பத்தாம் வகுப்புப் பருவத்துப் பையன் செய்த வேலை இது. யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. பிறகு எங்கே வந்தது சண்டை?

'முதலில்' என்ற இடத்தில் வந்தது. எதிர்த்தரப்பிடம் சாட்சிகள் இருந்தார்கள். அதில் ஒருவர் அலகாபாத்காரர்!

அலகாபாத் சாட்சி

முதலில் 1965-க்குப் போவோம். இடம் எம்.ஐ.டி. ஒரே ஐபிஎம் 7094 கணினியைப் பலர் தனித்தனி டெர்மினல்களிலிருந்து பயன்படுத்தும் முறை அங்கே நடப்பில் இருந்தது. டாம் வான் வ்லெக், நோயல் மோரிஸ் என்ற இரு இளைஞர்கள் 'மெயில்' என்று ஒரு கட்டளை எழுதினார்கள். நீங்கள் எனக்குச் செய்தி அனுப்பினால், என் இடத்தில் இருக்கும் 'மெயில் பாக்ஸ்' என்ற ஃபைலில் அது போய் ஒட்டிக்கொள்ளும். நான் எப்போது வந்தாலும் படித்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு கட்டளை வேண்டும் என்று யோசனை சொன்ன அலுவலகக் குறிப்பு ஒன்றும் கிடைத்தது, ஊழியர் குறிப்பு எண் 39. அதில் ஒரு வில்லங்கம்: தேதியே இல்லை! கட்டில் அதற்கு முன்னும் பின்னும் இருந்த குறிப்புகளின் தேதிகளை வைத்துத்தான், 1964 டிசம்பருக்கும் 1965 ஜனவரிக்கும் இடைப்பட்டது என்று நிதானித்தார்கள். யாரோ ஒருவர் வரிசை கலையாமல் அடுக்கி வைத்திருந்ததால் வந்த தேதி அது.

அடுத்து 1971. பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பிடிபி-10 இயந்திரங்களுக்கு இடையே, ஆர்பாநெட் வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க '@' குறியைப் போட்டார். முதல் செய்தியில் என்ன எழுதினார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்கவில்லை. யாரும் எடுத்துவைக்கவும் இல்லை.

இப்போது அலகாபாத்காரர். அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965-ல் வெளிவந்தவர். எம்.ஐ.டி.க்குப் போனார். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையை 1971 ஏப்ரலில் எழுதினார். அதே பாதையில் கடிதமும் போகட்டும் என்று 1972-ல் இரண்டு கட்டளைகள் சேர்ந்தன. 1973 செப்டம்பரில் டாம்லின்சனும் பூஷணும் வேறு இருவரும் சேர்ந்து, கடிதத்தின் தலைப்பில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். ஆர்எஃப்சி 561. அனுப்பியவர், தேதி, பொருள் எல்லாம் அதில் உண்டு. 1977 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 733-ல் நகல், மறைநகல், பதில் முகவரி வரை வந்துவிட்டன.

நியூவார்க் பையன் ஃபோர்ட்ரானைத் தொடுவதற்கு முன்னாலேயே இத்தனையும் நடந்து முடிந்திருந்தது. ஒரு பக்கம் முகவூர் வம்சத்துப் பிள்ளை, எதிர்ப்பக்கம் அலகாபாத் பூஷண். ஆனால் பூஷண் இந்த வழக்கில் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. 1973-ல் தேதி போட்டு வெளியிட்டு, எண் கொடுத்து, யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருந்த தாள் அவருக்காகப் பேசியது.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? அவசரம் வேண்டாம். எல்லோரும் 'அனுப்புவதை'ப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'வைப்பதை'ப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

குவியலில் விழுந்த கடிதங்கள்

அந்த நாள் மெயில் பாக்ஸ் என்பது ஒரே ஒரு நீளமான ஃபைல். வரும் கடிதமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதிலேயே ஒட்டும். பத்தாவது கடிதம் வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் ஒன்பதையும் டெர்மினலில் அடித்துத் தள்ளிய பிறகுதான் கிடைக்கும்.

இதில் சிக்கித் தவித்தவர் சாதாரண ஆள் இல்லை. ஆர்பாநெட்டுக்கே படியளந்த 'ஆர்பா' அமைப்பின் இயக்குநர் ஸ்டீபன் லூக்காசிக். மின்னஞ்சல்மேல் அவருக்குப் பைத்தியம். போகிற ஊருக்கெல்லாம் ஒரு டெர்மினலைத் தூக்கிக்கொண்டு போவார். கடிதம் குவிந்தது, தேட முடியவில்லை. கீழே இருந்த லாரி ராபர்ட்ஸிடம் புலம்பினார். 1972-ல் ராபர்ட்ஸ் 'ஆர்டி' என்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கடிதங்களின் பட்டியலைக் காட்டும், வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கலாம், தனியாகச் சேமிக்கலாம், வேண்டாததை நீக்கலாம். முதல்முறையாகக் குவியலுக்கு ஒரு பட்டியல் வந்தது.

குவியல் முறையின் கோளாறைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? யூனிக்ஸ் கணினிகளில், ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், வரியின் தொடக்கத்தில் வரும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல். கடிதம் எழுதுகிறவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? கணினி அதையும் புதுக் கடிதம் என்று எண்ணி, இருக்கும் கடிதத்தை இரண்டாக வெட்டிவிடும். அதைத் தடுக்க, அந்தச் சொல்லுக்கு முன்னால் '>' என்று ஒரு குறியைத் தானாகவே செருகினார்கள். அதாவது உங்கள் கடிதத்தைப் பெட்டி திருத்திவிட்டது!

இந்தச் செருகல் எங்கெல்லாம் போயிற்று தெரியுமா? விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அவர்கள் அச்சுக்கோக்கப் பயன்படுத்திய டெக் என்ற மென்பொருளின் எழுத்துருவில் '>' குறியின் இடத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி இருந்தது. அச்சான ஆராய்ச்சிக் கட்டுரைகளின் நடுவில், ஒரு பத்தியின் தொடக்கத்தில், '¿' என்ற குறி சம்பந்தமே இல்லாமல் நிற்பதை இன்றும் பார்க்கலாம். கடிதம் போன வழியில் எந்தக் கோளாறும் இல்லை. சேமித்த பெட்டிதான் கைவைத்தது.

இதற்கு மாற்று என்ன? நம் ஊர் தாலுகா ஆபீஸில் இருக்கிறது பதில். ஒரு தபால் வந்தால் அதை அப்படியே குவியலில் போடமாட்டார்கள். எண் போட்டு, யாரிடமிருந்து, எந்தத் தேதி, என்ன பொருள், எந்த எழுத்தருக்கு என்று தன்பதிவேட்டில் கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். அரசுக் கடிதத்தில் தலைப்பிலேயே 'ந.க.எண்' என்று இருக்கிறதே, அதன் வேலை இதுதான். ஆறு மாதம் கழித்துப் போய், "என் பட்டா மனு என்ன ஆச்சு?" என்று கேட்டால், எழுத்தர் கட்டுகளைக் கலைப்பதில்லை. பதிவேட்டைத் திறந்து, விரலைக் கட்டத்தில் ஓட்டி, கோப்பை எடுக்கிறார். எடுக்க மனமிருந்தால்!

கணினியில் இதற்குப் பெயர் தரவுத்தளம். கடிதத்தை முழுசாக ஒரு சரமாக வைக்காமல், அனுப்பியவர் ஒரு கட்டம், தேதி ஒரு கட்டம், பொருள் ஒரு கட்டம், உள்ளடக்கம் ஒரு கட்டம் என்று பிரித்து வைப்பது. கட்டங்களுக்குத் தனி அட்டவணை இருக்கும். 'போன மார்ச்சில் இன்னார் அனுப்பியது' என்று கேட்டால், மொத்தக் குவியலையும் படிக்காமல் நேரே அதற்குப் போய்விடலாம். எங்கே கடிதம் முடிகிறது என்று 'ஃப்ரம்' சொல்லைத் தேடி அலைய வேண்டாம், யாருடைய வரியிலும் குறி செருக வேண்டாம்.

சிவா அய்யாதுரை தரப்பு தன் புரோகிராமை விவரிக்கும்போது, திரை, எழுத்துச் செயலி, செய்தித் தொடர்பு ஆகியவற்றோடு நான்காவதாகச் சொல்வது இதைத்தான்: கடிதங்களை உறவுமுறைத் தரவுத்தளத்தில் வைத்தது. மின்னஞ்சல் அனுப்புவதில் அவர் முதல்வர் இல்லை. ஆனால் ஆபீஸ் செக்ரெட்டரியின் அலமாரியையும் பதிவேட்டையும் கணினிக்குள் கொண்டுவர முயன்ற ஆரம்பகால ஆட்களில் ஒருவர். உரக்கப் பேசியிருக்க வேண்டிய விஷயம் இதுதான். யாரும் பேசவில்லை, அவர் உட்பட.

2011: பற்றிக்கொண்டது தீ

2011 நவம்பரில் டைம் பத்திரிகையின் இணையப் பக்கம் அவரைப் பேட்டி எடுத்தது. தலைப்பிலேயே 'மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர்' என்று போட்டது. மூன்று மாதத்தில் ஸ்மித்சோனியன். அடுத்த நாளே வாஷிங்டன் போஸ்ட். பிறகு வந்தது பதிலடி. தாமஸ் ஹெய்க் போன்ற கணினி வரலாற்றாசிரியர்கள் ஆண்டு ஆண்டாக ஆதாரங்களை அடுக்கினார்கள். கணினி வழியாகச் செய்தி பரிமாறுவது அவருடைய வேலைக்கு முன்பே இருந்தது என்று ஸ்மித்சோனியன் விளக்கம் சொன்னது. மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி அவர் பக்கம் நின்றார்.

பதிப்புரிமைச் சான்றிதழை அவர் தரப்பு முன்னால் வைத்தது. அது எதைக் காக்கிறது? எழுதிய புரோகிராமை. ஒரு நாவலுக்குப் பதிப்புரிமை வாங்கினால் அந்த நாவல் உங்களுடையது, நாவல் என்ற வடிவம் உங்களுடையதாகாது. யோசனையைக் காப்பது காப்புரிமை. அன்றைய அமெரிக்காவில் மென்பொருளுக்குக் காப்புரிமை வாங்குவது குதிரைக்கொம்பு என்று அவர் தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

சண்டையின் உச்சம் ஒரே ஒரு அறிக்கையின்மேல் நடந்தது. 1977 டிசம்பரில் ராண்ட் நிறுவனத்துக்காக டேவிட் க்ராக்கர் எழுதியது. நிறுவனங்களுக்கு இடையே ஓடும் முழு அஞ்சல் ஏற்பாட்டைக் கணினியில் உருவாக்கும் முயற்சி இதில் இல்லை என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் உண்டு. "பாருங்கள், அவர்களே செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்" என்றது சிவா தரப்பு. "அந்த வாக்கியம் அந்த ஒரு திட்டத்தைப் பற்றியது, உலகத்தைப் பற்றியது அல்ல. முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள்" என்றது எதிர்த்தரப்பு. சேர்த்துப் படித்தால் எதிர்த்தரப்பு சொல்வதுதான் சரியாக வருகிறது. முழு அறிக்கையும் கைக்குக் கிடைத்ததால் சேர்த்துப் படிக்க முடிந்தது.

2016-ல் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தன்னை ஏளனம் செய்து எழுதியதாக காக்கர் ஊடக நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். வேறொரு பெரிய வழக்கில் தோற்றிருந்த அந்த நிறுவனம் அதே ஆண்டில் திவாலாயிற்று. நவம்பரில் 7,50,000 டாலருக்குச் சமரசம். தீர்ப்பு இல்லை. 2017 ஜனவரியில் டெக்டர்ட் என்ற இணையப் பத்திரிகைமேல் அடுத்த வழக்கு, இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலர். தீர்ப்பு என்ன வரும் என்று இரண்டு பக்கமும் காத்திருந்தன.

செப்டம்பரில் நீதிபதி டென்னிஸ் சேலர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை! மின்னஞ்சல் என்றால் என்ன என்று எப்படி வரையறுக்கிறோமோ அதைப் பொறுத்தே பதில் மாறும், ஆகவே எழுதியது கருத்து, அவதூறு ஆகாது என்றார். 2019-ல் டெக்டர்டோடும் சமரசம் ஆயிற்று, பணம் கைமாறவில்லை.

யார் ஜெயித்தார்கள்? வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் சிவாவின் 'முதல்' வாதத்தை ஏற்கவில்லை, இந்தத் தொடரும் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1978-ல் அமெரிக்கா முழுக்க எத்தனை ஆபீஸ்களில் எத்தனை பேர் இப்படிப் புரோகிராம் எழுதியிருப்பார்கள்! அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இவரைப் பற்றி இன்றைக்கும் வாதம் நடப்பதற்குக் காரணம், பதினான்கு வயதில் எழுதியதை முப்பது ஆண்டுகளுக்குமேல் அவர் எடுத்து வைத்திருந்ததுதான். அவரைத் தோற்கடித்தவர்களும் 1965, 1973, 1977 காகிதங்களை எடுத்து வைத்திருந்தவர்கள்தான். அனுப்பியது யார் என்ற வழக்கை, இரண்டு பக்கமும் வைத்திருந்த தாள்களைக் கொண்டே நடத்தினார்கள்.

பெட்டி மேசைக்கு வந்தது

நியூவார்க் பையன் எழுதியது ஒரு பொது இயந்திரத்துக்கு. பல டெர்மினல்கள், ஒரே பெட்டி. பெட்டி அவரவர் மேசைக்கு வந்தது எப்போது?

ஏறக்குறைய அதே நாட்களில், அமெரிக்காவின் மறுகோடியில். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம். அங்கே ஆளுக்கொரு ஆல்டோ கணினி, அதில் லாரல் என்ற மின்னஞ்சல் புரோகிராம். கடிதங்கள் மேசைக் கணினியின் சொந்தத் தட்டிலேயே இறங்கும். கடிதங்கள் ஒரு ஃபைலில், அவற்றின் பொருளடக்கம் தனி ஃபைலில். 1988-ல் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோராவும் இதே வழியில்தான் போனது.

நம் நாட்டுக்கு இது வந்தது 1995 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மோடம் கத்தி, லைன் கிடைத்து, உள்ளே போனால் டெலிபோன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நின்று நிதானமாகப் படிக்க யாருக்குக் கட்டும்? கடிதங்களை இறக்கு, லைனைக் கட் பண்ணு, பிறகு படி. சொந்தக் கணினியில் சேமிப்பது நமக்கு வசதிக்காக வந்ததல்ல, பில்லுக்குப் பயந்து வந்தது.

1997-ல் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் வந்தபோது, கடிதம், ஃபோல்டர், முகவரி, நாட்குறிப்பு எல்லாம் ஒரே தரவுத்தள ஃபைலுக்குள் அடங்கின. பெயர் பிஎஸ்டி. தேடினால் கிடைத்தது, வகை பிரித்தால் நின்றது, நகலெடுத்துக் கையோடு கொண்டுபோக முடிந்தது. ஆபத்தும் அதிலேயே இருந்தது. அந்தப் பழைய பிஎஸ்டி-யின் எல்லை 2 ஜிபி. அதைத் தொட்டால் திறக்காது. பழுதுபார்க்க மைக்ரோசாஃப்டே ஸ்கேன்பிஎஸ்டி என்று ஒரு கருவி கொடுத்தது. நம் கம்பெனிகளில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்தப் பெயரைச் சொன்னதும் பெருமூச்சு விடுவார்கள். குவியலில் ஒரு கடிதம் கெட்டால் மிச்சமாவது தேறும். தரவுத்தளத்தின் அட்டவணை கெட்டால், கடிதம் உள்ளேயே இருக்கும், கைக்கு மட்டும் வராது.

இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. இத்தகைய ஃபைலில் ஒரு கடிதத்தை நீக்கினால், அது அந்த நொடியே அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று அட்டவணையில் ஒரு குறிப்பு ஏறும், அவ்வளவுதான். அந்த இடத்தில் புதிதாக ஏதாவது வந்து உட்காரும்வரை, பழைய எழுத்து பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். வைப்பது கஷ்டம் என்று இத்தனை வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அழிப்பது அதைவிடக் கஷ்டம்!

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்பித்த ஆள், பழைய சரக்கு சேர்க்கும் ஆசாமி இல்லை. ராணுவ அதிகாரி.

1986 நவம்பர் கடைசி வாரம். வாஷிங்டன், அமெரிக்க அதிபர் ரீகனின் தேசியப் பாதுகாப்புக் குழு அலுவலகம். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெளியே கசிந்துவிட்டது. அந்தப் பணம் நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குப் போனதும் தெரிந்துவிட்டது. விசாரணை வாசலில் நிற்கிறது. லெஃப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த் காகிதங்களை வெட்டும் இயந்திரத்தில் போட்டுத் தீர்த்தார். அடுத்துக் கணினி முன்னால் உட்கார்ந்தார். ப்ராஃப்ஸ் என்ற ஐபிஎம் மின்னஞ்சல் ஏற்பாடு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடிதமாக நீக்கினார். அவருடைய மேலதிகாரி அட்மிரல் ஜான் பாயின்டெக்ஸ்டரும் நீக்கினார். ஒன்று இரண்டல்ல, அவர் பங்கு மட்டும் 5,000-க்கும் மேல்.

பெட்டி காலி. திரை சுத்தம். விசாரணைக்கு வருகிறவர்களுக்கு இனி ஒன்றும் கிடைக்காது என்று நார்த் நிம்மதியாக எழுந்தார்.

ஆனால் அந்தக் கணினியைப் பராமரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நார்த் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த வழக்கம் என்ன? அதிலிருந்து எழுந்து வந்த கடிதங்கள் யாரையெல்லாம் கூண்டில் ஏற்றின? ரீகன் பதவி விட்டு இறங்குவதற்கு முந்தைய நாள் மாலையில், மிச்சமிருந்ததையும் அழித்துவிட ஏற்பாடு தயாராக இருந்தபோது, கோர்ட்டுக்கு ஓடியது யார்?

(தொடரும்)